ஸ்கேன் பார்த்து நாள் குறிக்க முடியுமா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து 31 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இது.

அப்பாவுக்கு 58 வயது. சிறிய அச்சகம் நடத்துகிறார். தை மாதம் மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று நினைத்துக் கொஞ்ச நாள் போயிற்று. மாசிக் கடைசியில் கொலனோஸ்கோப்பி செய்தபோது, பெருங்குடலின் இடப்பக்கக் கீழ்ப்பகுதியான சிக்மாய்டில் புற்றுநோய்க் கட்டி. சி.டி. ஸ்கேனில் கல்லீரலிலும் நான்கு கட்டிகள்: வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்று. ஃபோல்ஃபாக்ஸ் கீமோவும் பெவாசிஸுமாப் ஊசியும் சேர்த்து ஆறு சைக்கிள் முடிந்திருக்கிறது. ஆனியில் எடுத்த ஸ்கேனில் பெரிய கட்டி 42 மில்லிமீட்டரிலிருந்து 36 ஆகவும், அடுத்தது 28-லிருந்து 22 ஆகவும் குறைந்திருக்கின்றன. புற்றின் போக்கைக் காட்டும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை 86-லிருந்து 19-க்கு வந்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'ஸ்டேபிள் டிசீஸ்' (நோய் பெரிதாக மாறவில்லை) என்று போட்டிருக்கிறார்கள். நுரையீரலில் 4 மில்லிமீட்டரில் இரண்டு புள்ளிகள், 'இன்டிடர்மினேட்' (என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை) என்று ஒரு குறிப்பும் உண்டு.

அமெரிக்காவிலுள்ள அத்தை மகன், ஸ்கேன் படத்தை வைத்துச் செயற்கை நுண்ணறிவு ஆயுளைக் கணிக்கிறது என்று ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார். தேடிப் பார்த்ததில் ஒரு நிறுவனம் 18,000 ரூபாய் கட்டி ஸ்கேன் பதிவான சி.டி. தட்டை அனுப்பினால் எத்தனை மாதம் என்று சொல்வதாக விளம்பரம் செய்கிறதாம். பணம் கட்டலாமா, மாதாமாதம் பெட் ஸ்கேன் எடுத்தால் துல்லியமாகத் தெரியுமா என்று கேட்கிறார். தங்கை கல்யாணத்தை அம்மா ஆவணியிலேயே முடிக்கச் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டார் தையில் வைக்கலாம் என்கிறார்கள். அப்பாவிடம் "குடலில் புண், கல்லீரலில் வீக்கம்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சகோதரி, நீங்கள் ரிப்போர்ட்டை வரிவரியாக எழுதி அனுப்பியது பெரிய உதவி. ஸ்கேனை நேரில் பார்க்காமல் சிகிச்சை முடிவு எதையும் நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் ஸ்கேனிடம் கேட்கிற கேள்வி ஒன்று, அது பதில் சொல்லக்கூடிய கேள்வி வேறொன்று. அதைப் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

'ஸ்டேபிள்' என்றால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை. 'ரெசிஸ்ட்' என்றொரு உலகப் பொது விதி இருக்கிறது. 2000-இல் வந்தது, 2009-இல் திருத்தப்பட்டது. ஓர் உறுப்பில் அதிகபட்சம் இரண்டு கட்டி, மொத்தம் ஐந்து கட்டி, இவற்றின் நீளத்தைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் 'பகுதி முன்னேற்றம்'. 20 சதவீதம் கூடினாலோ, புதிதாகக் கட்டி வந்தாலோ நோய் கூடிவிட்டது என்று பொருள். இடையில் இருப்பதெல்லாம் ஸ்டேபிள். உங்கள் அப்பாவுக்கு முதலில் 42-ம் 28-ம் சேர்த்து 70; இப்போது 36-ம் 22-ம் சேர்த்து 58. அதாவது 17 சதவீதக் குறைவு. 30-ஐத் தொடவில்லை, அதனால் அந்த வார்த்தை. ஊர் ஊருக்கு நடக்கும் மருந்து ஆராய்ச்சிகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட வந்த விதி இது. ஒரு மனிதரின் நிலைமை முழுவதையும் அந்த ஒற்றை வார்த்தையில் தேடக் கூடாது.

அதிலும் பெவாசிஸுமாப் போட்டவர்களுக்கு நீளத்தை மட்டும் பார்ப்பது போதாது. இந்த மருந்து கட்டிக்குப் போகும் புது ரத்தக் குழாய்களைத் தடுக்கிறது. கட்டி உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும், வெளி அளவு மெதுவாகத்தான் குறையும். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தினர் 2009-இல் 'ஜாமா' இதழில் இதைக் காட்டினார்கள். சிகிச்சைக்கு முன் கல்லீரல் கட்டி திட்டுத்திட்டாக, ஓரம் தடித்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் மங்கலாக இருக்கும். மருந்து நன்றாகக் கேட்டால் உள்ளே ஒரே சாம்பல் நிறமாகி, ஓரம் பஞ்சிங் மிஷின் வெட்டியதுபோலச் சுத்தமாகிவிடும். ஆபரேஷன் செய்ய முடியாத நிலையில் இருந்தவர்களில், இந்த மாற்றம் முழுமையாகத் தெரிந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டும் காலம், 31 மாதம். தெரியாதவர்களுக்கு 19 மாதம். நீள அளவு இந்த வித்தியாசத்தைக் காட்டவில்லை.

அதனால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "ஓரமும் உட்பகுதியும் எப்படி மாறியிருக்கு, ரேடியாலஜிஸ்ட்டிடம் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். சி.இ.ஏ. 86-லிருந்து 19-க்கு இறங்கியிருப்பதைப் பார்த்தால் மருந்து கேட்கிறது என்றே தோன்றுகிறது. நுரையீரலின் 4 மில்லிமீட்டர் புள்ளிகளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை அளவுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நம் ஊரில் எப்போதோ வந்துபோன காசநோய்த் தழும்பும் அப்படித்தான் தெரியும். அடுத்த ஸ்கேனில் அப்படியே இருக்கிறதா, வளர்கிறதா என்பதுதான் அதற்குப் பதில்.

18,000 ரூபாய் கணிப்பு

கட்டாதீர்கள். காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அத்தை மகன் அனுப்பிய செய்தி பொய்யில்லை. சி.டி. படத்திலிருந்து கண்ணுக்குப் பிடிபடாத நூற்றுக்கணக்கான எண்களை, அதாவது கட்டியின் வடிவம், உள்ளே உள்ள நிற ஏற்றத்தாழ்வு போன்றவற்றைக் கணினி எடுத்து ஆயுளோடு பொருத்திப் பார்ப்பது 'ரேடியோமிக்ஸ்' என்ற உண்மையான ஆராய்ச்சித் துறை. நல்ல வேலை நடக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் "துல்லியம்" என்று எதைச் சொல்கின்றன என்று பாருங்கள். இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொண்டு, யார் கூடுதல் காலம் இருப்பார் என்று கணினி சரியாகச் சொல்கிறதா என்பதே பரீட்சை. நாணயம் சுண்டிச் சொன்னால் மதிப்பெண் 0.5, ஒருமுறைகூடத் தவறாவிட்டால் 1. பல ஆய்வுகளில் கிடைப்பது 0.6-க்கும் 0.75-க்கும் இடையில். பத்து ஜோடியில் ஏழு ஜோடியை வரிசைப்படுத்துகிற கருவியிடம் போய், என் அப்பாவுக்கு எத்தனை மாதம் என்று கேட்டால் அது என்ன செய்யும்? ஒரு எண்ணை அச்சடித்துத் தரும். அவ்வளவுதான்.

இன்னொன்று, மிஷின் மாறினால், படத் துண்டின் தடிமன் 1 மில்லிமீட்டருக்குப் பதில் 5 ஆனால், கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுச் சில விநாடி தாமதித்து எடுத்தால்கூட அந்த எண்கள் மாறிவிடும். வேறு நாட்டில், வேறு மிஷினில், வேறு சிகிச்சையில் இருந்தவர்களை வைத்துப் பழக்கிய கணினி உங்கள் ஊர் ஸ்கேன் சென்டர் படத்தைப் படிக்கும்போது சறுக்க வாய்ப்பு அதிகம். தவிர, அந்த சி.டி. தட்டில் அப்பாவின் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண் எல்லாம் இருக்கும். யார் கையில் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதற்கில்லை.

"எத்தனை மாதம் என்று கேட்டால் டாக்டர் மழுப்புகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். எண் வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். சமீபகால மருந்து ஆய்வுகளில், குடலிலிருந்து வேறு உறுப்புக்குப் பரவிய நோயாளிகளின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ இரண்டரை வருடம். பாதிப் பேர் அதைத் தாண்டுகிறார்கள், பாதிப் பேர் தாண்டுவதில்லை. ஆய்வில் சேர்பவர்கள் பொதுவாக உடம்பு தெம்பாக இருப்பவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிட்னியில் மார்ட்டின் ஸ்டாக்லரும் பெலிண்டா கீலியும் பரவிய புற்றுநோய்களில் ஒரு கணக்கைக் கவனித்துச் சொன்னார்கள்: சுமார் பாதிப் பேர் இடைநிலையின் பாதிக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் இருக்கிறார்கள். அதன்படி பார்த்தால் ஒன்றேகால் வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை. மீதிப் பாதிப் பேர் இதற்கும் வெளியே. நேர்மையான பதில் இவ்வளவு அகலமாகத்தான் இருக்கும். அடுத்த முறை "எத்தனை மாதம்" என்று கேட்காமல், "நல்லபடியாகப் போனால் எப்படி, மோசமாகப் போனால் எப்படி, பெரும்பாலும் எப்படி?" என்று மூன்றாகக் கேட்டுப் பாருங்கள். டாக்டர்கள் இதற்கு வாய் திறப்பார்கள்.

அந்த ஸ்கேனை இன்னும் பார்க்காத ஒருவர்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இது: "கல்லீரலில் இரண்டு பக்கமும் இருப்பதால் ஆபரேஷன் முடியாது என்று மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் சித்தப்பா சொன்னார்." கல்லீரல் அறுவை நிபுணர் யாரும் படத்தைப் பார்த்ததாக ஆறு பக்கத்தில் எங்கும் இல்லை. உங்கள் அப்பாவின் ஆயுளைப் பற்றி அந்த ஸ்கேன் சொல்லக்கூடிய மிகப் பெரிய சேதி இங்கேதான் இருக்கிறது.

இரண்டு பக்கமும் இருந்தால் முடியாது என்பது பழைய கருத்து. இன்று எத்தனை கட்டியை எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்பதே முக்கியம். நல்ல கல்லீரல் என்றால் 20 சதவீதம் மிஞ்சினால் போதும். கீமோ வாங்கிய கல்லீரல் என்றால் 30 சதவீதமாவது வேண்டும். மிஞ்சும் பகுதிக்கு ரத்தம் வந்து போகவும் பித்தம் இறங்கவும் வழி இருக்க வேண்டும். இந்த அளவை சி.டி.யை வைத்தே கணக்கிடலாம். போதாவிட்டால் எடுக்கப்போகும் பக்கத்துக்கான ரத்தக் குழாயை அடைத்து, மற்றப் பக்கத்தை வளரவிட்டு, சில வாரம் கழித்து அறுவை செய்யலாம். இரண்டு கட்டமாகவும் செய்வதுண்டு. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியை ஊசி வழியே சூடேற்றிப் பொசுக்கவும் முடியும். உங்கள் அப்பாவின் இரண்டாவது கட்டி இப்போது 22 மில்லிமீட்டர் என்பதைக் கவனியுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்துகிறேன்? அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, தூரத்து உறுப்புக்குப் பரவிய குடல் புற்றுநோயில் ஐந்து வருடம் தாண்டுபவர்கள் நூற்றில் சுமார் 15 பேர். கல்லீரல் கட்டிகளை முழுதாக எடுக்க முடிந்தவர்களில் சுமார் 40 பேர். இந்த வித்தியாசம் முழுவதும் கத்தியின் மகிமை இல்லை. ஆபரேஷனுக்குத் தேர்வாகிறவர்களே கொஞ்சம் நல்ல நிலையில் இருப்பவர்கள். அப்புறம், எடுத்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்புகிறது. இருந்தாலும் இந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

"இன்னும் ஆறு சைக்கிள் போட்டால் கட்டியே மறைந்துவிடாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சி.டி.யில் மறைவதும் உடம்பிலிருந்து போவதும் ஒன்றல்ல. 2006-இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், சி.டி.யில் மறைந்துபோன 66 கட்டிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 55 இடங்களில் நோய் மிச்சம் இருந்தது, அல்லது அதே இடத்தில் திரும்ப வந்தது. கட்டி கண்ணுக்குத் தெரியும்போது எடுப்பது சர்ஜனுக்கும் சுலபம். கீமோ நீள நீளக் கல்லீரலும் அடிபடும். ஆகவே புற்றுநோய் மருத்துவர், கல்லீரல் சர்ஜன், ரேடியாலஜிஸ்ட் மூவரும் சேர்ந்து உட்காரும் 'டியூமர் போர்டு' உள்ள ஆஸ்பத்திரியில் அடுத்த சைக்கிளுக்கு முன்பே கருத்துக் கேளுங்கள். கல்லீரலுக்கென்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். கீமோவில் கொழுப்புப் படிந்த கல்லீரலில் சின்னக் கட்டிகள் சி.டி.யைவிட அதில் நன்றாகத் தெரியும்.

போகும்போது ஃபிலிமும் ரிப்போர்ட்டும் போதாது. மாசியில் எடுத்தது, ஆனியில் எடுத்தது, இரண்டின் சி.டி. தட்டும் வேண்டும். பயாப்சி ரிப்போர்ட்டோடு 'ராஸ்', 'பிராஃப்', 'எம்.எஸ்.ஐ.' என்ற கட்டியின் மரபணுப் பரிசோதனைகள் செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். எந்த ஸ்கேனிலும் தெரியாத சேதி அதில் இருக்கிறது, சிகிச்சையே மாறக்கூடும். ஆஸ்பத்திரியில் பேப்பர் தர இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதி. இரண்டாவது கருத்துக் கேட்பதில் உங்கள் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயமும் வேண்டாம். நல்ல டாக்டர்கள் தாங்களே கடிதம் எழுதித் தருவார்கள்.

மாதாமாதம் பெட் ஸ்கேன்

வேண்டாம். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை சி.டி. போதும். இரண்டு ரேடியாலஜிஸ்ட்டுகள் ஒரே கட்டியை அளந்தாலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். மாதாமாதம் எடுத்தால் அந்த வித்தியாசத்தைப் பார்த்து ஒரு மாதம் சந்தோஷப்பட்டு, அடுத்த மாதம் அழுவீர்கள். கட்டி சர்க்கரையை உறிஞ்சுவது பெட் ஸ்கேனில் ஒளியாகத் தெரியும்; கீமோ நடக்கும்போது அந்த ஒளி அணைந்ததுபோல ஏமாற்றுவதும் உண்டு. முடிந்தவரை ஒரே சென்டரில், ஒரே முறையில் எடுங்கள்.

கஞ்சி மட்டும் போதாது

அப்பாவுக்குச் சர்க்கரை, பால், முட்டை, கறி எல்லாம் நிறுத்திவிட்டு இரண்டு வேளை சிறுதானியக் கஞ்சி கொடுக்கிறோம், எடை 62 கிலோவிலிருந்து 61-தான் ஆகியிருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எடை மிஷினுக்குத் தெரியாத ஒன்று ஸ்கேனில் தெரியும். இடுப்புப் பகுதியின் மூன்றாவது முதுகெலும்பு மட்டத்தில் எடுத்த ஒரே ஒரு சி.டி. துண்டில் தசையின் பரப்பை அளந்தால் உடம்பு முழுவதற்கும் கணக்குக் கிடைக்கும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமனான புற்றுநோயாளிகளிலும் தசை கரைந்திருந்தவர்கள் குறைந்த காலமே இருந்தார்கள். எடை அப்படியே இருக்கும்போதே தசை போய் நீரும் கொழுப்பும் அந்த இடத்தில் உட்காரலாம். தசை குறைந்தவர்களுக்குக் கீமோவின் பக்க விளைவும் அதிகம்.

தசையை ஏற்றினால் ஆயுள் இத்தனை மாதம் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆபரேஷனைத் தாங்கவும், கீமோவைத் தள்ளிப்போடாமல் முடிக்கவும் அது வேண்டும். அவர் எடைக்கு ஒரு நாளைக்கு 60-லிருந்து 90 கிராம் புரதம் தேவை. ஒரு டம்ளர் கஞ்சியில் மூன்று நான்கு கிராம் தேறினால் பெரிது. ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. முட்டை, மீன், கோழி, தயிர், நன்றாக வேகவைத்த சுண்டல் எல்லாம் திரும்பத் தட்டுக்கு வரட்டும். சாப்பாட்டில் சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்பது நடக்காத காரியம். பட்டினி கிடப்பது அப்பாதான். வெயில் தாழ்ந்ததும் தெருமுனை வரை நடக்கட்டும்.

அப்பாவிடம் சொல்வது

இதில் உங்கள் மனம் புண்படலாம், ஆனாலும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ வார்டில் உட்கார்ந்து, 46 மணி நேரம் பம்ப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவருக்குக் குடலில் புண் இல்லை என்று தெரியாதா? பக்கத்துக் கட்டில்காரர்கள் பேசுவதைக் கேட்காமலா இருப்பார்? நீங்கள் அவருக்காக மறைக்கிறீர்கள். அநேகமாக அவரும் உங்களுக்காகத் தெரியாததுபோல இருக்கிறார்.

சட்டமும் இங்கே தெளிவு. சுயநினைவுள்ள, வயது வந்த நோயாளியின் சம்மதத்தை அவர்தான் தர வேண்டும். பெற்ற தாய் தந்த சம்மதம்கூட செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லீரலை வெட்டி எடுக்கும் ஆபரேஷனுக்கு "வீக்கம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்க எந்த சர்ஜனும் ஒப்பக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "அப்பா, உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று முதலில் கேளுங்கள். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் "நீயே டாக்டரிடம் பேசிக்கம்மா" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான், மதிக்கலாம். நோயின் பெயரையும், மருந்து கேட்கிறது என்பதையும் உங்கள் டாக்டர் முன்னிலையில் சொன்னால் நல்லது. மாதக் கணக்கு அவராகக் கேட்டால் மட்டும்.

கல்யாணத் தேதி

ஆயுளை நினைத்துத் தேதி குறிக்காதீர்கள்; சிகிச்சையை வைத்துக் குறியுங்கள். பெவாசிஸுமாப் புண் ஆறுவதைக் கெடுக்கும். கல்லீரல் ஆபரேஷன் என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு ஐந்தாறு வாரம் காத்திருப்பது வழக்கம். இன்றைக்கு முடிவானாலும் ஆபரேஷன் ஆவணியில்தான் வந்து நிற்கும். முகூர்த்தமும் அதே வாரத்தில் வந்தால் ஒன்றைத் தள்ள வேண்டிவரும், வீட்டில் எதைத் தள்ளுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆபரேஷனைத் தள்ளிவிடாதீர்கள்.

எனவே அடுத்த பத்துப் பதினைந்து நாளில் கல்லீரல் சர்ஜனின் பதிலை வாங்குங்கள். ஆபரேஷன் உண்டு என்றால் ஐப்பசியோ கார்த்திகையோ மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொன்ன தைக்கு முன்புதானே, ஒப்புக்கொள்வார்கள். ஆபரேஷன் இல்லை, கீமோதான் தொடரும் என்றால் அம்மா சொன்ன ஆவணியே இருக்கட்டும். கீமோ போட்டு இரண்டாவது வாரம் வரை வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும், அசதியும் இருக்கும். அதனால் அடுத்த சைக்கிளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் முகூர்த்தம் வரும்படி பாருங்கள். பொருந்தாவிட்டால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு சைக்கிளை ஒரு வாரம் தள்ளுவது பெரிய விஷயமில்லை. மண்டபக் கூட்டத்தில் காய்ச்சல்காரர்கள் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் சாப்பாடு வீட்டிலிருந்தே சூடாக வரட்டும். 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் வந்தால் தாலி கட்டும் நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். அந்தப் பொறுப்பு உங்களுக்கு வேண்டாம், கார் ஓட்டத் தெரிந்த ஒரு பங்காளியிடம் முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.